இந்த வாக்கியத்துக்கு இங்கே என்ன வேலை?

டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை எழுதியவர்களிடம் 'கூற்று - காரணம்' கேள்வி என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். மேலே ஒரு வாக்கியம், கீழே ஒரு வாக்கியம், நாலு விடைகள். அதில் ஆளைக் கவிழ்ப்பது அநேகமாக இந்த விடைதான்: 'கூற்று சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம் அல்ல.'

ரெண்டும் சரி என்றால் அப்புறம் என்னய்யா தகராறு என்று மனசு கேட்கும். கூற்று: கொடைக்கானல் குளிர்ச்சியான ஊர். காரணம்: அங்கே பெரிய ஏரி இருக்கிறது. இரண்டும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்த ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் அணை போட்டு உண்டாக்கியது. அதற்குப் பதினெட்டு வருஷம் முன்பே, 1845-ல், அமெரிக்க பாதிரிமார்கள் அந்த ஊரில் வீடு கட்டிவிட்டார்கள். எதற்கு? குளிருக்காக! ஏழாயிரம் அடி உயரம் செய்த வேலையை ஏரியின் கணக்கில் எழுதினால் மார்க் போய்விடும்.

பரீட்சை ஹாலில் இவ்வளவு உஷாராக இருக்கிற நாம், வெளியே வந்ததும் இதை மறந்துவிடுகிறோம். பேப்பரில் ஒரு அறிக்கை வந்தால் 'இது உண்மையா, பொய்யா?' என்பதோடு விசாரணை முடிந்தது. உண்மை என்று தெரிந்துவிட்டால் ஆளை உள்ளே விட்டுவிடுகிறோம். உள்ளே வந்தவர் என்ன வேலையாக வந்திருக்கிறார் என்று கேட்பதில்லை. அவர் முடிவா, முடிவுக்குக் காரணமா, உதாரணமா, எதிராளியின் வாயை அடைக்க வந்தவரா, அல்லது கூட்டம் சேர்க்க வந்தவரா?

இந்தக் கேள்வியைத் தமிழில் முறையாகக் கேட்டவர் ஒரு வியாபாரி என்பதில் பி.காம். படித்தவனான எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். மணிமேகலை எழுதிய சீத்தலைச் சாத்தனார் மதுரையில் தானிய மண்டி வைத்திருந்தவர் என்பது மரபு. அந்தக் காப்பியத்தின் 29-வது காதையில் கதை அப்படியே நின்றுவிடும். காஞ்சிபுரத்தில் அறவண அடிகள் உட்கார்ந்து, மணிமேகலைக்கு லாஜிக் பாடம் எடுப்பார். கல்லூரியில் தமிழ் வாத்தியார்கள் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடும் பகுதி. பாடத்தின் உதாரணம் ரொம்ப எளிமையானது. 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது' என்பது பக்கம், அதாவது நிரூபிக்க வேண்டிய விஷயம். 'ஏனென்றால் புகை வருகிறது' என்பது ஏது. 'அடுக்களையைப் போல' என்பது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு நாற்காலி, ஒரு பெயர்ப்பலகை. யாரும் இடம் மாறி உட்கார முடியாது.

பிப்ரவரி, மார்ச்சில் பெரியகுளத்தில் நின்று பழநி மலைத்தொடரை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு இந்த உதாரணம் பாடமே அல்ல. பகலில் புகை தெரியும். ராத்திரி அதே இடத்தில் சரிவு முழுக்க நெருப்புக் கோடு ஓடும். மற்ற மாதங்களில் அதே மலையில் வெள்ளையாக ஏதோ எழும்பும், அது வெறும் பனிமூட்டம். சாத்தனார் இதையும் விடவில்லை. ஆவியா, பனியா, புகையா என்று நமக்கே சந்தேகமாக இருக்கும்போது 'நெருப்பு இருக்கிறது' என்று தீர்ப்பு சொல்வதையும் பிழைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறார். கொடைக்கானலுக்கென்றே எழுதியது போல இருக்கிறது.

அந்த ஊரை நான் சும்மா இழுக்கவில்லை. தமிழ்நாட்டில் கூற்றும் காரணமும் இவ்வளவு வருஷம், இவ்வளவு காகிதத்தில் மல்லுக்கட்டிய இடம் வேறு ஏதாவது இருக்கிறதா தெரியவில்லை. பாதரச விவகாரத்தைச் சொல்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்களுக்காகச் சுருக்கம். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்கிற ஆலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்குக் குடிபெயர்ந்தது. முதலில் பாண்ட்ஸ். 1998-ல் அது ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. ஆலை இருந்தது பாம்பார் சோலைக்கு மேலே. அங்கே விழுகிற மழை இறங்கி வந்து கும்பக்கரை அருவியாகக் கொட்டும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் டன் கணக்கில் கிடந்ததை ஊர்க்காரர்களும் பழநி ஹில்ஸ் கன்சர்வேஷன் கவுன்சிலும் கிரீன்பீஸும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை உடனே மூடப்பட்டது, திரும்பத் திறக்கவில்லை. 2003-ல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. 2006-ல் முன்னாள் தொழிலாளர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் உடம்பைக் கெடுத்தது அந்தப் பாதரசம்தான், அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு.

இனி வாக்கியங்களுக்கு வருவோம். கம்பெனி தரப்பில் வருஷக்கணக்காக வந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த வாக்கியம் ஒன்று உண்டு. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அமைந்த நிபுணர் குழு 2007-ல் சொன்னது அது. தொழிலாளர்களின் தற்போதைய உடல்நிலையை, ஆலையில் முன்பு நேர்ந்த பாதரசத் தொடர்போடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்பது அதன் சாரம். குழு அப்படிச் சொன்னது நிஜம். அதை மேற்கோள் காட்டியதிலும் பொய் இல்லை. கூற்று சரி.

ஆனால் அதற்கு என்ன வேலை கொடுத்தார்கள்? 'ஆகவே யாருக்கும் பாதிப்பு இல்லை' என்ற முடிவுக்குக் காரணம் என்ற வேலை. அந்த வாக்கியத்துக்கு அந்த வேலைக்கான தகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டைப் பாக்கெட்டில் கை விட்டுத் தேடுகிறீர்கள். பத்து ரூபாய் இல்லை. அப்படியென்றால் இல்லைதான், விவாதமே கிடையாது. மெரினா மணலில் தொலைந்த மோதிரத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் தேடுகிறீர்கள். கிடைக்கவில்லை. அதனால் மோதிரம் அங்கே விழவே இல்லை என்று சொல்வீர்களா? இரண்டு இடத்திலும் வாக்கியம் ஒன்றேதான்: 'தேடினேன், கிடைக்கவில்லை.' பாக்கெட் விஷயத்தில் மட்டும் அதற்குப் பின்னால் சொல்லப்படாத இன்னொரு வாக்கியம் நிற்கிறது: 'இருந்திருந்தால் கட்டாயம் கிடைத்திருக்கும்.' முழு பாரத்தையும் சுமப்பது அந்த ஊமை வாக்கியம்தான்.

பாதரசத்தில் அந்த ஊமை வாக்கியம் நிற்குமா? ஆவியாக மூச்சில் போன பாதரசம் உடம்பில் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மூளையில் சேர்ந்தது மட்டும் நீண்ட காலம் தங்கலாம். ஆலை மூடியது 2001-ல். வருஷத்துக்கு ஆறு முறை பாதியாகிற ஒரு பொருள் ஐந்தாறு வருஷத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே மிஞ்சாது. கை நடுக்கம், ஞாபக மறதி, சிறுநீரகக் கோளாறு மாதிரியானவை மிஞ்சும். அவை வேறு நூறு காரணங்களாலும் வரும். அதாவது, பிந்தி வந்து தேடினால் கிடைக்காமல் போகக்கூடிய வகையைச் சேர்ந்த ஆதாரம் இது. மெரினா மணல்.

'தற்போதைய உடல்நிலை', 'போதிய ஆதாரம்' என்ற சொற்களைக் குழு யோசித்துத்தான் போட்டிருக்கும். பிற்பாடு எடுத்தாண்டவர்கள் கையில் 'தற்போதைய'வும் 'போதிய'வும் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின.

ஆடிட்டிங் பாடம் படித்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கம். 'கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன' என்று ஆடிட்டர் கையெழுத்துப் போடுவது ஒன்று. காலாண்டுக் கணக்கை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, 'தவறு என்று நினைக்கும்படி எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை' என்று எழுதுவது வேறு. முதலாவது உத்தரவாதம். இரண்டாவது, நான் எவ்வளவு தூரம் பார்த்தேன் என்பதற்கான ரசீது. ரசீதை உத்தரவாதமாக மாற்றிக்கொள்ள ஒரு கமா, ஒரு பெயரடை போனால் போதும். 1896-ல் ஒரு இங்கிலாந்து நீதிபதி ஆடிட்டரைக் காவல்நாய் என்று சொல்லலாம், மோப்பநாய் என்று சொல்ல முடியாது என்றார். பி.காம். படித்த எல்லோரும் மனப்பாடம் செய்தது. காவல்நாய் குரைக்கவில்லை என்பதை வைத்து வீட்டில் திருட்டே நடக்கவில்லை என்று எழுதக்கூடாது என்பதை எங்களுக்கு யாரும் சேர்த்துச் சொல்லித்தரவில்லை.

பிறகு 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதே நீதிமன்றத்துக்கு வந்தது. தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதற்கு முகாந்திரம் இருக்கிறது என்றது அது. முகாந்திரம் என்பதும் முழு நிரூபணம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011-க்குப் பிறகும் 2007-ன் வாக்கியமே கம்பெனி அறிக்கைகளில் காரணத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

சரி, நல்ல 'ஏது' எப்படி இருக்கும்? அதற்கும் கொடைக்கானலிலேயே உதாரணம் உண்டு. ஹைதராபாத்தில் உள்ள, மத்திய அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகள் 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரியின் தண்ணீரிலும் அடிவண்டலிலும் பாதரசத்தை அளந்தார்கள். அத்தோடு நிறுத்தியிருந்தால், 'மலைப்பாறையிலேயே இயற்கையாகப் பாதரசம் இருக்கலாமே' என்று ஒரே வரியில் மடக்கியிருக்கலாம். அவர்கள் பேரிஜம் ஏரியையும் கூக்கால் ஏரியையும் சேர்த்து அளந்தார்கள். அதே மலைத்தொடர், ஆனால் ஆலையிலிருந்து தள்ளியிருக்கும் ஏரிகள். அவற்றில் அளவு குறைவு. இதைத்தான் அறவண அடிகள் எதிர்மறை எடுத்துக்காட்டு என்பார்: நெருப்பு இல்லாத இடத்தில் புகை இருக்கிறதா என்று போய்ப் பார். பேரிஜம் அந்தக் கட்டுரையில் டூரிஸ்ட் ஸ்பாட்டாக வரவில்லை. சாட்சிக் கூண்டில் நிற்கிறது.

அதே கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, தொழிலாளர்கள் இதனால்தான் நோயாளியானார்கள்' என்று சொன்னால் அதுவும் தப்பு. ஏரித் தண்ணீர் ஏரியைப் பற்றித்தான் சாட்சி சொல்லும், ஒரு மனிதரின் சிறுநீரகத்தைப் பற்றி அல்ல. நல்ல ஏதுவுக்குக்கூட ஒரு வேலைதான்.

இந்தத் தப்பைப் போராட்டத் தரப்பும் செய்தது. 'அமெரிக்காவில் மூடிவிட்டு இங்கே கொண்டுவந்தார்கள்' என்பது அவர்கள் மேடைகளில் தவறாமல் வந்த வரி. இடம் மாறியது உண்மை. ஆனால் 'விஷம் என்று தெரிந்தே கொண்டுவந்தார்கள்' என்ற முடிவை அந்த ஒற்றை உண்மை தாங்காது. கூலி, குளிர், ஏற்றுமதிச் சலுகை என்று ஆலைகள் இடம் மாற நூறு காரணம் உண்டு. தெரிந்தே வந்தார்கள் என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும். கைத்தட்டலை ஆதாரத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. தொழிலாளர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைப்பதால்தான் இதைச் சொல்கிறேன். பலவீனமான காரணம் ஒன்று வரிசையில் நின்றால், எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

2015 ஜூலை கடைசியில் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு வந்தது, 'கொடைக்கானல் வோன்ட்'. நிக்கி மினாஜின் மெட்டில். லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், நிக்கி மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். 'இந்தப் பாட்டில் என்ன ஆதாரம் இருக்கிறது?' என்று அப்போது சில பெரியவர்கள் கேட்டார்கள். இது நாற்காலி தெரியாத கேள்வி. வாசலில் நின்று கதவைத் தட்டுகிறவரிடம் ஆடிட் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பது மாதிரி. பாட்டின் வேலை கூப்பிடுவது. பதினாலு வருஷம் அறிக்கைகள் கூப்பிட்டுத் திரும்பாத தலைகள் மூன்று நிமிஷத்தில் திரும்பின.

2016 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. உடனே 'பாட்டு வந்தது, பணம் வந்தது' என்று எழுதினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கை நிஜமாகவே கனமான காக்கையா? பத்து வருஷமாக நீதிமன்றத்தில் இருந்த வழக்கு அது. பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்று கீழே நின்றவர்களுக்குத் தெரியாது. பாட்டுக்குப் பங்கு உண்டு என்றுதான் என் ஊகம். ஊகம் என்ற நாற்காலியிலேயே அது இருக்கட்டும்.

அடுத்து மண். ஆலை வளாகத்தில் பாதரசம் கலந்த மண்ணை எவ்வளவு தூரம் சுத்தம் செய்ய வேண்டும்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. பிரிட்டனாக இருந்தால் ஒரு மில்லிகிராமுக்குக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள் என்பது போராட்டத் தரப்பின் வாதம். 2018-ல் டி.எம். கிருஷ்ணாவும் சோஃபியாவும் சேர்ந்து இன்னொரு பாட்டு பாடியது இதற்காகத்தான். கம்பெனி தரப்புக்கு ஒரு பதில் இருந்தது: அதற்கும் கீழே போக வேண்டுமானால் நிறைய மரங்களைப் பிடுங்க வேண்டும், சரிவில் மண் அரித்துக்கொண்டு போகும். அலட்சியம் செய்யக்கூடிய பதில் அல்ல, அது சோலைக்காட்டின் விளிம்பு.

ஆனால் கவனியுங்கள். அப்படியானால் 20 என்பது எதையெல்லாமோ எடை போட்டு வந்த விடை. இவ்வளவு பாதரசம், இத்தனை மரம், இவ்வளவு சரிவு என்று கூட்டிக் கழித்து வந்த ஒரு முடிவு. கொஞ்ச நாளில் அதுவே 'அளவு 20-க்குக் கீழே இருக்கிறது, ஆகவே பாதுகாப்பானது' என்று காரணமாகி விடுகிறது. கணக்குப்பதிவியலில் இந்த வருஷத்தின் இறுதி இருப்பு அடுத்த வருஷத்தின் ஆரம்ப இருப்பு. புதுப் பேரேட்டில் அது முதல் வரியாக, ரொம்ப மரியாதையாக உட்கார்ந்திருக்கும். அது எப்படி வந்தது என்று பழைய பேரேட்டைப் புரட்டுகிறவர்கள் குறைவு. பழைய பேரேட்டில் 'மரங்களுக்காகச் செய்த விட்டுக்கொடுத்தல்' என்று இருந்தது, புதுப் பேரேட்டில் 'ஆரோக்கிய அளவு' என்று ஆகிவிடும். எண் மாறவில்லை. வேலை மாறிவிட்டது.

மரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த மலையில் இன்னொரு ஊமை வாக்கியமும் உலாவுகிறது. வியூ பாயின்ட்டில் நின்று 'எவ்வளவு பச்சை, காடு ஜம்மென்று இருக்கு' என்கிறோம். நடுவில் விழுங்கப்பட்ட வாக்கியம்: 'பச்சையெல்லாம் காடு.' செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று, நாற்பது வருஷத்தில் பழநி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. அந்த இடத்துக்கு வந்தவை தோட்டங்கள். சீகை மரமும் யூகலிப்டஸும் பைனும் பச்சைதான். போனது புல்.

மறுபடி 2016 மார்ச்சுக்கு வருகிறேன். 591 முன்னாள் தொழிலாளர்கள். தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லவில்லை. சொல்லப்பட்டது அதற்கான விவரம் மட்டும்: மனிதாபிமான அடிப்படையில் தரப்படும் கருணைத்தொகை.

சமரசத்தில் இப்படி எழுதுவது வக்கீல்களின் சாதாரணப் பழக்கம், அதில் சதி ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஒரு சொல்லின் வேலையைப் பாருங்கள். பணம் கொடுத்தார்கள் என்பது ஒரு உண்மை. அதை வைத்து நாளைக்கு யாராவது, 'பணம் கொடுத்தார்கள், ஆகவே பொறுப்பை ஒப்புக்கொண்டார்கள்' என்று சொல்லலாம் அல்லவா? அப்படிச் சொல்ல முடியாதபடி கதவைச் சாத்துவதுதான் 'மனிதாபிமானம்' என்ற சொல்லுக்குக் கொடுத்த வேலை. வேறு எதையும் அது நிரூபிக்கவில்லை. ஒரு உண்மை காரணமாக மாறிவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

கடனைத் தீர்த்தாலும் நன்கொடை கொடுத்தாலும் ரொக்கப் புத்தகத்தில் வெளியே போகிற தொகை ஒன்றேதான். வித்தியாசம் பக்கத்தில் எழுதுகிற விவரத்தில். தொழிலாளிகள் கேட்டுப் போனது முதல் விவரத்தை. அதாவது, இந்தக் கை நடுக்கம் அந்தப் பாதரசத்தால் வந்தது என்று யாராவது ஒருவர், முத்திரை வைத்த காகிதத்தில் சொல்ல வேண்டும் என்று. பத்து வருஷ வழக்கு முடிந்தபோது அவர்களுக்குத் தொகை கிடைத்தது. 2007-ன் வாக்கியமும் 2011-ன் வாக்கியமும் அதே கோப்பில் அருகருகே இருந்தன. இரண்டில் எது காரணம், எது வெறும் தகவல் என்று தீர்மானிக்கும் அவசியம் யாருக்கும் ஏற்படாமலே அந்தக் கோப்பு மூடப்பட்டது.